வரி கட்டுவது நாம், கணக்குக் கேட்பது யார்?



இரண்டு வணிகர்கள் சேர்ந்து நின்றால் பேச்சு கடைசியில் வரியில்தான் வந்து நிற்கிறது. 2022 ஏப்ரலில் நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் கடைக் கட்டடங்களுக்கான சொத்து வரி ஒரே வீச்சில் 100 சதவிகிதம் உயர்த்தப்பட்டது முதல் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. உயர்த்தியது நகராட்சி என்பார் சிலர், சென்னைக் கோட்டை என்பார் சிலர். உள்ளபடி சொன்னால் டெல்லிக்கும் இதில் பங்கு உண்டு. நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்துவர வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. பாவம், நம் கடை வாசலில் வந்து நிற்கும் பில் கலெக்டரைத் திட்டி என்ன பயன்?

வரியே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. உள்ளூர் மன்றம் உள்ளூர்ப் பணத்தைத் திரட்டி ஊரை வளர்த்த கதை நம் பக்கத்து ஜில்லாக்களிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரூபாய்க்கு 3 தம்பிடி ரயில்வே வரி போட்டது. அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை ரயில் பாதை அமைத்து 1894-இல் வண்டியும் ஓடியது. பாதை போர்டுக்குச் சொந்தம், வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. திருநெல்வேலி ஜில்லா போர்டும் அதே வழியில் போய் 1923-இல் திருச்செந்தூருக்கு ரயில் விட்டது. மூன்று தம்பிடி கொடுத்தவன் நெல் மூட்டையை வண்டியில் ஏற்றும்போது கொடுத்த காசு எங்கே போனது என்று கண்ணால் பார்த்தான்.

இன்று நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? தொழில் வரியையே எடுத்துக்கொள்வோம். பல மாநிலங்களில் இதை மாநில அரசே வாங்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இது உள்ளாட்சிக்கே உரிய வருவாய். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. 1988-இல் ஒரு திருத்தம் செய்துதான் அதை 250 ரூபாயிலிருந்து அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். நாம் செலுத்தும் ஜி.எஸ்.டி. டெல்லிக்கும் சென்னைக்கும் போய்விடுகிறது. சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, இவைதாம் ஊரிலேயே தங்கும் பணம். இவற்றில் பெரும்பகுதி வணிகர் கையிலிருந்தே போகிறது.

நம் மாவட்டத்தில் நகராட்சிகள் 4, பேரூராட்சிகள் 7, ஊராட்சி ஒன்றியங்கள் 11, கிராம ஊராட்சிகள் 429. 1985-இல் பழைய இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது பட்டாசும் அச்சும் எண்ணெயும் விளையும் சிவகாசி, விருதுநகர் ஒரு பக்கம் போயின. நமக்கு வந்தவை கடலும் கண்மாயும் கருவேலமும். 2018-இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டில் நம் மாவட்டமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் ஏறின. சொந்த வருவாய் குறைந்த இப்படிப்பட்ட ஊர்களுக்கு மேலிருந்து வரும் மானியமே உயிர். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவிகிதம் உள்ளாட்சிகளுக்கு என்று மாநில நிதிக்குழு வகுத்த பங்கு ஒன்று, மத்திய நிதிக்குழு மானியம் இன்னொன்று.

அந்த மானியத்தை நாம் எப்படிக் கோட்டைவிட்டோம் என்பதை மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நம் மாவட்டக் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் வாக்குச்சீட்டு வந்தது. நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் 14-ஆவது நிதிக்குழுவின் மானியத்தை மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைத்தது. வராத அந்தப் பணத்தில் எத்தனை தெருவிளக்கு, எத்தனை வாய்க்கால்! அதற்காக ஒரு நாள்கூட யாரும் கடை அடைத்ததாக நமக்கு நினைவில்லை. கிராம ஊராட்சிகளின் அடுத்த ஐந்தாண்டும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அலுவலர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்டு உறுப்பினரை டீக்கடையில் நிறுத்திக் கேள்வி கேட்பதுபோல் தனி அலுவலரைக் கேட்க முடியுமா?

இராமேஸ்வரத்தின் கதை தனி. 2011 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 45 ஆயிரம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் வந்து குளித்துப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். மானியப் பங்கீட்டிலோ ஊரில் குடியிருப்போர் எண்ணிக்கைக்குத்தான் பெரிய எடை. 45 ஆயிரம் பேருக்கான பணத்தில் லட்சம் பேர் போட்ட குப்பையை அள்ள வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கும் வரை அக்கரைக் கடைக்காரர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். இப்போது ரயில் வருகிறது, கூட்டமும் வருகிறது. வருகிறவருக்குக் கழிப்பறையும் குடிநீரும் கொடுக்கும் பொறுப்பு ரயில்வேயோடு முடிவதில்லை, நகராட்சியின் தலையில் விழுகிறது. யாத்ரீகர் எண்ணிக்கையையும் பங்கீட்டில் சேர்க்க வேண்டும் என்று மாநில நிதிக்குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டியது யார்? லாட்ஜும் பாத்திரக்கடையும் மளிகையும் வைத்திருக்கிற நாம்தானே!

சந்தைக்கு வருவோம். நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் நாம் வத்தல் கொள்முதலுக்குப் போகும் ஒரு சந்தையில் இன்னும் மேற்கூரை கிடையாது. மூட்டைக்கு இவ்வளவு என்று குத்தகைதாரர் ஆள் வந்து வாங்குவார், ரசீது கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தால் போதும், காயப்போட்ட வத்தல் சண்டாகிவிடும். விலை பாதிக்கு இறங்கும். அந்த நட்டம் சம்சாரிக்கும் நமக்குமே தவிர, ஏலப் பணத்தை வரவு வைத்துக்கொண்ட உள்ளாட்சிக்கு இல்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு சிமெண்டுக் களம், ஒரு எடைமேடை. இவ்வளவுதான் கேட்கிறோம். மத்திய மானியத்தில் கேட்டால் 15-ஆவது நிதிக்குழு 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது என்பார்கள். சரி, சந்தையிலேயே வசூலான பணம் எங்கே?

கேரளத்தில் 1996-இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்து, எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் பேசவைத்தார்கள். இங்கும் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்டத் திட்டக்குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். மன்றங்கள் காலியானால் அந்தக் குழுவும் பெயருக்குத்தான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மே 5 வணிகர் தினத்துக்கு வேன் பிடித்து மாநாட்டுக்குப் போகும் நாம், நான்கு நாள் முன்னால் மே 1-இல் நம் ஊரிலேயே நடக்கும் கிராம சபைக்கு எட்டிப் பார்ப்பதில்லை. வரவுசெலவு வாசிக்கும்போது அங்கே வணிகர் ஒருவராவது உட்கார்ந்திருந்தால் வாசிப்பவரின் குரலே மாறும்.

ஆகவே கிளைச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு, உங்கள் ஊர்ச் சந்தை, பேருந்து நிலையக் கடைகள் ஆகியவற்றின் கடந்த மூன்றாண்டுக் குத்தகைத் தொகையையும், அதே சந்தைக்கும் கடைகளுக்கும் அந்த மன்றம் செலவிட்ட தொகையையும் கேட்டு வாங்குங்கள். வந்த பதிலின் நகலைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் ஊர்வாரியாக இந்த இதழில் வெளியிடுவோம். பதிலே வராத ஊர்களின் பெயரையும் சேர்த்துத்தான்.