முதல் சம்பளமும் முதல் தவணையும்



பேரணாம்பட்டிலிருந்து ஒரு தாயார் கடிதம் போட்டிருக்கிறார். மகள் காலணி வடிவமைப்பில் பட்டம் முடித்துவிட்டாள். மேலே வடிவமைப்பில் முதுகலை (எம்.டெஸ்.) படிக்க ஏழரை லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளிலும் இதே பேச்சுதான். அதனால் அவருக்கான பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஏழரை லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. தேவை இருக்கிறதோ இல்லையோ, பலரும் அந்த எல்லைவரை போய்விடுவது இதனால்தான். வட்டி பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாகப் பணம் வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் கழியும்போது வட்டி மட்டுமே 1,87,500 ரூபாய் ஏறியிருக்கும். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 12,400 ரூபாய். கைக்கு வரும் முதல் சம்பளம் 25,000 என்றால் பாதி அதற்கே சரி. வட்டியை மட்டுமாவது அவ்வப்போது கட்டி வந்தால் தவணை 9,900 அளவுக்கு இறங்கும். முதல் ஆண்டு மாதம் 3,125, பிறகு 6,250 கட்ட வேண்டிவரும். முடிந்தவர்கள் தயவுசெய்து கட்டுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டா என்று வங்கியில் கேளுங்கள். ஆனால் இளங்கலைக்கு அதை வாங்கியிருந்தால் முதுகலைக்கு மறுபடி கிடைக்காது. இதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிகிறார்கள்.

இனி வேலை. நம் ஊரில் தைக்கும் ஷூக்களில் பெரும்பகுதி வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகிறது. மாடல் எப்படி இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் வாங்கும் நிறுவனம்தான் சொல்கிறது. அதைத் தோலில் நிஜமாக்குவது இங்கேயுள்ள சாம்பிள் ரூம். லாஸ்ட் எனும் கால் வடிவ அச்சின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, டேப்பை உரித்து அட்டையில் தட்டையாக ஒட்டும் பேட்டர்ன் மாஸ்டரின் கையைப் பாருங்கள். வளைந்த உருவம் தட்டையாகும்போது எங்கே இழுக்கும், எங்கே சுருங்கும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். தோலின் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்பதிலேயே ஷூவின் தரம் பாதி முடிவாகிவிடும். அழகாக வரையவும் தெரிந்து இதுவும் தெரிந்தவரைக் கம்பெனிகள் லேசில் விடுவதில்லை.

ஆகவே அம்மா, மகள் நிச்சயம் மேலே படிக்கட்டும். ஆனால் இந்த ஆண்டே வேண்டாம். இரண்டு ஆண்டுகள் ஒரு சாம்பிள் ரூமில் வேலை பார்க்கட்டும். சம்பளத்தில் கொஞ்சம் சேரும், கடன் அந்த அளவு குறையும், எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்பதும் அவளுக்கே தெரிந்துவிடும். பிறகு கல்லூரி தேடும்போது அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சம்பள வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று கேளுங்கள்.

தொழிற்சாலை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தரமணி நிஃப்ட், இருங்காட்டுக்கோட்டை எஃப்.டி.டி.ஐ. போன்ற வடிவமைப்புக் கல்லூரிகளில் படித்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளைகளைப் பயிலுநர் என்ற பெயரில் வருடக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்காதீர்கள். ஓராண்டு அவகாசம் முடிந்ததும் அவர்களின் தவணை தொடங்கிவிடுகிறது.

வடிவமைப்பு படித்துக் கடன் கட்டிவரும் வாசகர்கள் உங்கள் சம்பளத்தையும் தவணையையும் எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்