இறக்கம் பார்த்து நிறுத்திய வேன்கள்

ஹட்டனில் வேன் ஓட்டும் எங்களில் பலர், ராத்திரி வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பிரேக்கை விட்டு உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மலை தந்த இந்த வசதிதான் எங்களைக் கெடுத்தது. வண்டி கிளம்பிவிட்டதால் பெட்டரி ஏன் இறங்கியது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கேட்காமலே புது பெட்டரி வாங்கினோம். அதுவும் சில மாதத்தில் படுத்தது. குளிர் என்றோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதால் பழைய வண்டியோடு மாரடிக்கிறோம் என்றோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு மீட்டரை வைத்து அளந்து பார்க்க எது தடுத்தது?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பெட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12க்கு வந்தால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் ஒல்டனேட்டரையோ பெல்ட்டையோ வயரையோ பார்க்க வேண்டும். வந்தால், நிற்கும் வண்டியில் எதுவோ கரண்டைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பெட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை எம்பியரில் வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் தெரிந்துவிடும். 0.05க்குள் இருந்தால் பயமில்லை. கூடினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் எண் சரிகிறதோ, கோளாறு அந்த வழியில். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போதும். எத்தனையோ வருடம் நாங்கள் அதைச் செய்யவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நடுராத்திரி, லயத்துத் தங்கச்சி ஒருத்திக்குப் பிரசவ வலி. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்கு வேன் கோயில் முன்னால், சமதரையில் நின்றது. அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு எட்டுப் பேர் சேற்றில் வழுக்கி வழுக்கித் தள்ளினோம். உள்ளேயிருந்து அவள் அழுத சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அரை மணி நேரம் அப்படிப் போயிற்று. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். அவளுடைய அம்மா எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கராஜில் மீட்டர் 0.6 காட்டியது. நாளொன்றுக்கு 14 எம்பியர்-மணி. 70 எம்பியர்-மணி பெட்டரி 5 நாளில் வெறுமையாகிவிடும். அப்படி அடிக்கடி வடிந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் இறுகி, பிறகு சார்ஜும் ஏறாது. புது பெட்டரிகள் அப்படித்தான் செத்திருக்கின்றன. பியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லை. பெட்டரி முனையிலிருந்து தனியாக ஒரு வயர் சீட்டுக்கடியில் போனது. சிவனொளிபாத சீசனில் நல்லதண்ணியில் வண்டியை நிறுத்தி விடிய விடியப் பாட்டுக் கேட்பதற்காக, சாவி இல்லாமலே செட்டு வேலை செய்யட்டும் என்று நாங்களே இழுத்த வயர்.