சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னால ஒரு ரத்தப் பரிசோதனை

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் சிலருக்கு மனசு சோர்ந்துபோகும். 1984இல் நோர்மன் ரோசன்தாலும் அவரது குழுவினரும் இதை ஒரு நோயாக விவரித்தார்கள். பகல் வெளிச்சம் குறைவதே முக்கிய காரணம் என்கிறார்கள். எங்க இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் மழை மாசத்தில் "எழும்பவே முடியல"ன்னு சொல்ற அக்காமார் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள்.

வானத்தை மட்டும் பார்க்காம கழுத்தையும் பார்க்கணும் என்பதுதான் எங்கள் கருத்து.

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைரொயிட் சுரப்பியில் ஹோர்மோன் குறைந்தால் உடம்பின் வேகமே குறையும். அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மனச்சோர்வு எல்லாம் மெல்ல மெல்ல வரும். அந்த ஹோர்மோன் உருவாக அயடீன் தேவை. சப்ரகமுவவும் அடங்கிய தென்மேற்கு ஈரவலயம் ஒரு காலத்தில் கண்டக்கழலைக்குப் பேர்போன பகுதி. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமான பிறகு நிலைமை நிறைய மாறியது. ஆனால் அயடீன் போதுமான அளவு கிடைத்தாலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி இந்தக் குறைபாடு வரலாம். பெண்களுக்கே இது அதிகம்.

கொழுந்து எடுக்கிற, பால் வெட்டுற ஒருத்திக்கு இது வந்தா? கிலோ குறையும், ஏச்சு கூடும். வீட்டிலும் "மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா" என்பார்கள். கிளினிக் போனா அன்றைய பேர் போச்சு. அதனால போகவே மாட்டா.

"எல்லாத்தையும் தைரொயிட் தலையில கட்டினா கடனும் ஒழுகுற கூரையும் மறைஞ்சிடுமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பரிசோதனை செய்தால்தான் எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியும். டி.எஸ்.எச். அளவு கூடியிருந்தால் டொக்டர் தைரொக்சின் தருவார். அதை வெறும் வயிற்றில், காலைத் தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது முன்னால், தண்ணியோட போடணும். அளவு சரியாக இருந்தாலும் அவள் சோகம் பொய்யாகிவிடாது. அதற்கும் வைத்தியம் இருக்கு.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு: கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடுங்கள், வாரக்கணக்கில் அசதி என்று வருகிறவளை விட்டமின் குளிசையோடு அனுப்பாமல் ரத்தத்தைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கச்சிகளே, அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோட நீங்களும் போங்க.