இரண்டாம் வரிசையினர் இளைத்தவரா?

விளையாட்டுச் செய்திகளைப் படிப்போர் கண்ணில் முதலில் படுவது வென்றவர் பெயர். அடுத்துத் தோற்றவர் பெயர். இவ்விரண்டிலும் இடம் பெறாத ஒரு கூட்டம் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்கள் வாரந்தவறாமல் ஆடுகின்றனர், நன்றாகவும் ஆடுகின்றனர். ஆனால், அவர்கள் ஆடுவது முதல்தரப் போட்டி அன்று என்ற ஒரே காரணத்தால், அவர்தம் பெயர் ஊரெல்லையைத் தாண்டுவதில்லை. இத்தகையோருக்கு ஒரு நாடு என்ன செய்யலாம்? நியூசிலாந்து நாட்டின் ரக்பி ஆட்டத்தில் இதற்கொரு நல்ல விடை இருக்கிறது. அதைப் பற்றிய என் கருத்தை மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ரக்பி நம்மிடையே அதிகம் பழகாத ஆட்டம். அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம், ஆனால், கையால் எறிவதாயின் பின்னால் வருபவனுக்கே எறிய வேண்டும். எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் ஐந்து புள்ளிகள். முன்னேற விரும்புகிறவன் பின்னால் இருப்பவனை நம்பியே ஆகவேண்டும் என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை விதி!

நியூசிலாந்தில் இது வெறும் பொழுதுபோக்கன்று, நாட்டின் பெருமை. 'ஆல் பிளாக்ஸ்' என்ற அந்நாட்டு அணியை அறியாத ரக்பி ரசிகர் இல்லை. 2006ஆம் ஆண்டில் அங்கு மாகாணப் போட்டிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. பெரிய நகரங்களையும் பணவசதியையும் உடைய பதினான்கு அணிகள் மேல்தளத்தில் நின்றன. எஞ்சிய பன்னிரண்டு சிற்றூர்ப்புற அணிகளுக்கு 'ஹார்ட்லேண்ட்' என்ற தனிப்போட்டி வகுக்கப்பட்டது. புல்லர், வெஸ்ட் கோஸ்ட், கிங் கண்ட்ரி, வைராரப்பா புஷ், ஈஸ்ட் கோஸ்ட், வடக்கு ஒட்டாகோ போன்றவை அவற்றுட் சில. இது ஊதியத்திற்காக ஆடும் போட்டியன்று. பகலெல்லாம் பண்ணையிலும் பட்டறையிலும் பள்ளியிலும் பணிபுரிவோர், மாலையில் பயிற்சி செய்து வார இறுதியில் களம் இறங்குகின்றனர். பருவத்தின் முடிவில் இப்பன்னிரண்டு அணிகளிலிருந்தும் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் அணியே 'ஹார்ட்லேண்ட் பதினைவர்'.

இந்த அணி ஓர் ஆறுதல் பரிசுதானே என்று கேட்போர் உண்டு. உண்மையில் திறமை இருந்தால் மேல்தள அணி அவனை அழைத்துக்கொள்ளுமே என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்வாதம் வாழ்க்கையை மறந்துவிட்டுப் பேசுகிறது. நாளுக்கு இருமுறை பால் கறக்கவேண்டிய மாடுகளை விட்டுவிட்டு ஒருவன் நகரத்திற்குக் குடிபோக முடியுமா? மனைவியின் வேலை, பெற்றோரின் முதுமை, நிலத்தின் பற்று ஆகியவை அவனைப் பிறந்த மண்ணோடு பிணைக்கின்றன. அவன் மேலே செல்லாதது திறமைக் குறைவாலன்று. இருக்குமிடத்தை அவன் தேர்ந்துகொண்டதால்.

அந்த நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. ஹார்ட்லேண்ட் போட்டியின் இரு கோப்பைகளுக்கும் கோலின் மீட்ஸ், பிரயன் லோகோர் என்ற இருவரின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. இருவரும் விவசாயிகள். கிங் கண்ட்ரியைச் சேர்ந்த மீட்ஸ் 1957 முதல் 1971 வரை நாட்டுக்காக ஆடினார். 1999இல் அந்நாட்டின் நூற்றாண்டு ஆட்டக்காரர் எனப் போற்றப்பட்டார். வைராரப்பாவின் லோகோர் நாட்டணியின் தலைவராக இருந்தார். 1987இல் முதல் உலகக் கோப்பையை வென்ற அணிக்குப் பயிற்சியாளராகவும் விளங்கினார். 1966இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி அங்குச் சுற்றுப்பயணம் வந்தபோது, வாங்கனூயும் கிங் கண்ட்ரியும் இணைந்த அணி அதனை வீழ்த்தியது. அன்று நாட்டுப்புறத்தில் இருந்துகொண்டே உச்சியை எட்ட முடிந்தது.

1995இல் ரக்பியில் ஊதியம் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டது. அதன்பின் பணம் இருக்கும் இடம் நோக்கித் திறமை நகர்ந்தது. ஆட்டக்காரர்க்கு உரிய கூலி கிடைத்ததை நான் குறைகூறவில்லை. வியர்வைக்கு விலை வேண்டியதே. ஆனால், அந்த மாற்றத்தால் சிற்றூர் இளைஞனுக்கும் நாட்டணிக்கும் இடையிலிருந்த ஏணி மிக நீண்டுவிட்டது. நீண்ட ஏணியின் நடுவே கால் ஊன்ற ஒரு படி வேண்டாமா? ஹார்ட்லேண்ட் பதினைவர் அந்தப் படி.

'சில நாள் பயிற்சியில் சேரும் அணி ஒற்றுமையாக ஆடுமா?' என்பது மற்றொரு ஐயம். இங்கிலாந்தில் 1890இல் கார்ப்மேல் என்பவர் தொடங்கிய 'பார்பேரியன்ஸ்' அணி இதற்கு விடையளிக்கிறது. அதற்குச் சொந்த மைதானம் கிடையாது. அழைப்பு ஒன்றே அதன் உறுப்புரிமை. கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டையை எல்லாரும் அணிவர்; காலுறை மட்டும் அவரவர் சொந்தக் கழகத்தினுடையது! நாட்டணியில் ஒருமுறையும் ஆடாத ஒருவருக்கேனும் இடமளிப்பது அதன் மரபு. 1973இல் கார்டிஃப் நகரில் அது ஆல் பிளாக்ஸை 23-11 என்ற கணக்கில் வென்ற ஆட்டத்தை ரசிகர்கள் இன்றும் பேசுகின்றனர். பொதுச் சட்டையும் சொந்தக் காலுறையும் ஒரே உடலில் பொருந்துமாயின், பல ஊர் மனங்கள் ஓர் அணியில் பொருந்துவதில் வியப்பென்ன?

எனினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, புகைப்படம் எடுத்து, கைகுலுக்கி அனுப்பிவிடுவது மரியாதையாகாது. இத்தகைய அணிக்கு ஆண்டுதோறும் வலிமையான எதிரணி வேண்டும். பயணச் செலவு வேண்டும். வேலையிடத்தில் விடுப்பு வேண்டும். தோற்கும் வாய்ப்புள்ள ஆட்டத்தை அளிப்பதே ஆட்டக்காரனுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. அவ்வாறு செய்யாவிடில், ஆறுதல் பரிசு என்று சொல்வோரின் வாய்க்கு நாமே அவல் கொடுத்தவராவோம்.

முதல் வரிசையில் நிற்போர் எப்போதும் சிலரே. ஆட்டம் உயிரோடிருப்பதோ இரண்டாம் வரிசையில் நிற்கும் பலரால். அவர்கள் ஓய்ந்தால் சிற்றூர் மைதானங்களில் புல் மண்டும். நாளைய மீட்ஸ் பந்தைத் தொடாமலே வளர்ந்துவிடுவான். ஆதலால், அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதை இரக்கம் என்று எவரும் எண்ணவேண்டாம். அது அவர்களுக்குச் சேரவேண்டிய கடன்.