முக்கோணக் கணக்கு

2020 மே 13 அன்று எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் 'அன்ரியல் எஞ்சின் 5' வரைகலை எஞ்சினை ஒரு செயல்விளக்கப் படத்தின் வழியே அறிவித்தது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட முக்கோணங்கள் என்றார்கள். திரையில் வரையப்படுபவை சுமார் இரண்டு கோடியே என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆனால் முழக்கமாகியது முதல் எண்தான். அந்த ஆரவாரத்தில், ஆட்டம் எதைப் பற்றியது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

நுட்பத்தை நாங்கள் பழிக்கவில்லை. அந்தச் சுருக்கம் பெரும் சாதனையே. எஞ்சினே கலையைப் படைத்துவிடும் என்ற விற்பனைப் பேச்சைத்தான் மறுக்கிறோம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இப்பேச்சின் மறுபக்கம் தெரிந்திருக்க வேண்டும். 2011இல் எங்கள் தாவரவியல் பூங்காவில் 'லைஃப் ஆஃப் பை' படமாக்கப்பட்டது. அதன் கணினிப் புலியை உலகமே வியந்தது. 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரும் கிடைத்தது. விருதுக்குச் சில நாட்கள் முன்னர்தான் அப்புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் திவால் மனு அளித்திருந்தது. கணினியை மெச்சினோம், அதன்முன் அமர்ந்திருந்த கலைஞர்களை மறந்தோம்.

2023இல் வெளிவந்த 'வெண்பா' எளிய இருபரிமாண ஓவியங்களால் ஆன ஆட்டம். கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண்ணொருத்தி, தன் தாயின் சிதைந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி வார்க்கிறாள். முக்கோண எண்ணிக்கையில் அது எங்கோ கடைசியில் நிற்கும். ஆயினும் ஆடி முடித்தபின் எங்கள் மனத்தில் எஞ்சியது அந்தக் குறிப்பேடுதான். அதை எழுத ஒரு மனிதர் வேண்டியிருந்தது.