சுவரை இடித்த பின் எஞ்சும் வேலை

2023 ஏப்ரலில் இத்தாலியின் பீசா நகரில் மனநல மருத்துவர் ஒருவர் தாம் பணிபுரிந்த மருத்துவமனை வாசலிலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தார். கைதானவர் முன்பு அங்கே சிகிச்சை பெற்றவர். உடனே பழைய குரலொன்று எழுந்தது: மூடியவற்றைத் திறக்க வேண்டுமாம். அக்குரலிலுள்ள அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அது எதைத் திரும்பக் கேட்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பிராங்கோ பசாலியாவின் பெயரால் அறியப்படும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பொது மனநோய் விடுதிகளை மூட வழிசெய்தது. குற்றமிழைத்த மனநோயாளிகளுக்கான நீதித்துறை மனநல மருத்துவமனைகளை அது தொடவில்லை. 1876-இல் அவெர்சாவில் தொடங்கிய அந்த மரபு ஆறு நிறுவனங்களாக நீடித்தது. இன்யாசியோ மரீனோ தலைமையிலான செனட் குழு 2010-இல் அங்கே நுழைந்தபோது கண்டவை, கட்டிலோடு பிணைக்கப்பட்ட மனிதர்களும் அழுக்கும். சிறு குற்றத்துக்காக வந்தவர்கள்கூட, 'இன்னும் ஆபத்தானவர்' என்ற ஒற்றைச் சொல்லால் ஆண்டுக்கணக்கில் நீட்டித்து வைக்கப்பட்டனர். இத்தாலியர் இதற்கு வைத்த பெயர் 'வெள்ளை ஆயுள் தண்டனை'.

2014-இன் 81-ஆம் சட்டம் அந்தக் கொடுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அக்குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தைத் தாண்டி எவரையும் அடைத்து வைக்கலாகாது. ரெம்ஸ் எனும் சிறு இல்லங்களில் 20 படுக்கைகளுக்கு மேல் கூடாது; அவையும் கடைசி வழியாகவே. 2017-இல் கடைசி மருத்துவமனையும் காலியாயிற்று.

பின் எங்கே பிழைத்தது? 2022 ஜனவரியில், ரோமின் ரெபிப்பியா சிறையில் ஒரு நோயாளியை முறையற்று வைத்திருந்ததற்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலியைக் கண்டித்தது. அதே மாதம் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், 600-க்கும் மேற்பட்டோர் ரெம்ஸ் இடத்துக்காகக் காத்திருப்பதைச் சுட்டிச் சீர்திருத்தம் கோரியது. மறுதரப்பார் இதைப் படுக்கைப் பஞ்சம் என்று வாசிக்கிறார்கள். சில இடங்கள் கூடுதலாகத் தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் வெளியேறுபவரை ஏற்கும் வீடும், வாரந்தோறும் கதவைத் தட்டும் செவிலியரும் இல்லாவிடில் புதுப் படுக்கையும் நிரம்பிய படுக்கையாகவே நிற்கும். சுகாதாரச் செலவில் 5 விழுக்காட்டை மனநலத்துக்கு ஒதுக்குவதாக 2001-இல் மாநிலத் தலைவர்கள் கொடுத்த வாக்கு இன்னும் நிறைவேறவில்லை. பஞ்சம் அங்கேதான்.

என் தரப்பாரிடமும் ஒரு கேள்வி. காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பழைய வளாகமே பல ரெம்ஸ் பிரிவுகளாக மாறியபோது நாம் ஏன் உரக்கப் பேசவில்லை? பெயர்ப்பலகை மாறினால் போதுமென்று நினைத்தோமா?

இறந்த அந்த மருத்துவருக்கும் சிறையில் கிடந்த அந்த நோயாளிக்கும் வேண்டியிருந்தது ஒன்றே: நோய் முற்றுமுன் வந்து சேரும் உதவி. சுவர் அதைத் தந்ததில்லை. சுவரை இடித்துவிட்டுக் கை கழுவியவர்களும் தரவில்லை.