அப்பாவிடம் கேட்டாயிற்று, அவளிடம்?

மறுபடியும் அதேதான். பாதிப் புத்தகம் வரைக்கும் அந்தப் பெண் தனியாகக் குதிரை ஓட்டினாள். பனிப்புயலில் கன்றுக்குட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். காதல் என்று வந்ததும் ஹீரோ நேராக எங்கே போகிறான்? லாயத்துக்கு! அங்கே அவள் அப்பா குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருக்கிறார். இவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, உங்க மகளை..." என்று இழுக்கிறான். அப்பா முறைக்கிறார். ஜெபிக்கிறார். இரண்டு அத்தியாயம் யோசிக்கிறார். கடைசியில் கைகொடுக்கிறார். கல்யாணம் முடிவாகிவிட்டது. அவளுக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது.

கிறிஸ்தவ சரித்திர ரொமான்ஸ் வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மேற்கு அமெரிக்காவில் ஒரு பண்ணை, ஓர் அப்பா, மூன்று நான்கு பெண்கள், பெண்ணுக்கு ஒரு புத்தகம். அம்மா பெரும்பாலும் கதை தொடங்கும் முன்பே செத்துப்போயிருப்பாள். இருந்திருந்தால், "பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டிருப்பாளே! வருகிறவனையெல்லாம் அப்பா விறகு வெட்டச் சொல்லிச் சோதிப்பார். மகளுக்கு வந்த கடிதத்தை எடுத்து ஒளித்துவைப்பார். அது வெளியே தெரிந்த பிறகும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பது யார்? மகள்! பாசத்தில் செய்துவிட்டாராம்.

எனக்கு இந்த வகைக் கதைகள் பிடிக்கும். பிடிப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. 1979-ல் ஜானெட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி'யிலிருந்துதான் இந்த அலையே கிளம்பியது என்று சொல்வார்கள். அதில் என்ன நடக்கிறது? புருஷனைப் பறிகொடுத்த கர்ப்பிணிப் பெண் மார்ட்டி. சின்னக் குழந்தையோடு தவிக்கிற கிளார்க், பேருக்கு ஒரு கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடமே கேட்கிறான். வசந்தகாலத்தில் வண்டிகள் கிழக்கே திரும்பும்போது நீ ஊருக்குப் போக நினைத்தால் வழிச்செலவு நான் தருகிறேன் என்றும் வாக்குக் கொடுக்கிறான். போகலாம், இருக்கலாம், அவள் இஷ்டம். அந்தக் கதையின் காதலுக்கு உயிர் கொடுப்பதே அந்த வழிச்செலவுதான். அதற்குப் பிறகு வந்த இத்தனை அப்பாக்களில் எத்தனை பேர் மகள் கையில் அந்தக் காசைக் கொடுத்தார்கள்?

கேட்டால், வேதம் அப்படித்தான் சொல்கிறது என்பார்கள். எங்கே சொல்கிறது? ஆதியாகமம் 24-ஐ எடுங்கள். ராத்திரி பெத்துவேலும் லாபானும் சம்மதம் சொல்லிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் விடிந்ததும் லாபானும் தாயும் பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்கிறார்கள். போகிறேன் என்று ரெபெக்காள் சொன்ன பிறகுதான் ஒட்டகங்கள் கிளம்புகின்றன. அதே லாபான் பிறகு தன் பெண்கள் விஷயத்தில் என்ன செய்தார்? ராகேலைக் காட்டி லேயாளைக் கட்டிவைத்தார். யாக்கோபு பதினாலு வருஷம் உழைத்தான். அந்த இரண்டு மகள்களும் ஆதியாகமம் 31-ல் தகப்பனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் தெரியுமா? எங்களை விற்றுவிட்டார், அந்தப் பணத்தையும் தின்றுவிட்டார் என்கிறார்கள். மகள்களின் இந்தக் குமுறலை வேதமே மறைக்கவில்லை. நாவல்கள் ஏன் மறைக்கின்றன? எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசேயின் முன்னால் நின்று நிலம் கேட்டு வாங்கினார்கள். பிதாவின் கோத்திரத்துக்குள் கட்டவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு, யாரை விரும்புகிறார்களோ அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

சரி, சரித்திரமாவது உண்டா? 1862-ல் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. 21 வயதான, கல்யாணமாகாத பெண் தன் பேரிலேயே 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். அப்படிப் போட்டு, ஐந்து வருஷம் அங்கே குடியிருந்து பட்டா வாங்கிய பெண்கள் உண்டு. மாசசூசெட்ஸில் ஹிங்ஹாம் என்ற ஊரின் கல்யாணப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளின் கல்யாணத்தில் பெற்றோரின் பிடி 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தளர்ந்துவிட்டது என்று காட்டியிருக்கிறார்கள். இந்த நாவல்கள் நடக்கிற 1870-களில் பெரும்பாலும் பையனும் பெண்ணும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, மரியாதைக்கு அப்பாவிடம் போய்ச் சொல்வார்கள்.

அப்படியானால் இந்தக் காவல்கார அப்பா எங்கிருந்து வந்தார்? நேற்றிலிருந்து வந்தார். 1997-ல் ஜோஷுவா ஹாரிஸ் 'ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை' எழுதினார். அமெரிக்கச் சபைகளில் 'கோர்ட்ஷிப்' என்ற முறை பரவியது. பையன் முதலில் பெண்ணின் அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டும். 1998-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில், மகள்களின் கற்புக்கு அப்பாக்கள் காவல் இருப்பதாக உறுதிமொழி எடுக்கிற 'ப்யூரிட்டி பால்' நடந்தது. இதையெல்லாம் எடுத்து 1870-ன் உடுப்பை மாட்டி, அந்தக் காலத்து விசுவாசக் குடும்பம் இப்படித்தான் இருந்தது என்று விற்றால் எப்படி? ஹாரிஸே 2018-ல் அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நாவல்களில் அப்பாக்கள் மட்டும் இன்னும் துப்பாக்கியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிஜத்தில் வாழ்ந்த பக்தியுள்ள அப்பாக்களைப் பாருங்கள். லண்டன் விம்போல் தெருவில் எட்வர்ட் மோல்டன் பாரெட் தன் பிள்ளைகள் யாருமே கல்யாணம் செய்யக்கூடாது என்றார். மகள் எலிசபெத் 1846-ல், 40 வயதில், ராபர்ட் பிரவுனிங்கை ரகசியமாகக் கைப்பிடித்தாள். அவள் எழுதிய கடிதங்களை அவர் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆனால் என் மனசை அதிகம் பிசைகிறவர் பாட்ரிக் பிரான்டி. ஹாவர்த் ஊரின் பாதிரியார். மனைவி போய்விட்டார், ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது சார்லட் ஒருத்திதான். 1852 டிசம்பரில் அவருடைய உதவிப் பாதிரியார் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் அவளிடமே நேரடியாகக் கேட்டார். சேதி தெரிந்து அப்பா கொதித்த கொதிப்பில், மறுநாளே அவள் முடியாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிக்கல்ஸ் ஊரைவிட்டே போனார். அவளோ அவருக்கு ரகசியமாகக் கடிதம் எழுதினாள், அப்பாவோடு போராடினாள், ஜெயித்தாள். 1854 ஜூன் 29 கல்யாணம். முந்தின ராத்திரி அப்பா, நான் ஆலயத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். 38 வயதுப் பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தது அவளுடைய பழைய டீச்சர் மார்கரெட் வூலர். ஒன்பது மாதத்தில், கர்ப்பத்தோடே, சார்லட் செத்துப்போனாள்.

கல்யாணத்தை அவள் உடம்பு தாங்காது என்ற அந்த அப்பாவின் பயம் பொய்யில்லை, அது அப்படியே பலித்தது. ஆனாலும் அந்தச் சம்மதம் அவருடையதில்லை, அவளுடையது. இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்து எழுத ஒருவருக்கும் மனசு வராதா? அவர் யாரை விரட்டினாரோ, அதே நிக்கல்ஸ்தான் 1861-ல் பாட்ரிக் கண் மூடும்வரை ஆறு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். விசுவாசம், மன்னிப்பு, கிருபை என்று இந்தப் பதிப்பகங்கள் தேடுகிறதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த மாதிரி ஓர் அப்பாவை வைத்து ஒரே ஒரு புத்தகம் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன்பே பணம் கட்டி வாங்க நான் தயார்.